சிக்கலான ஏட்ரியல் ஃப்ளட்டர்: ஈ.சி.ஜி. தாளிலிருந்து அப்லேஷன் மேசை வரை, குமரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சித்தியின் ஈ.சி.ஜி. தாளைத் தம்பி லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று தக்கலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தானாம். ஈ.சி.ஜி. தாள் சூடு பட்டால் கறுக்கிற தாள். லேமினேஷன் மெஷினுக்குள் போய் வந்ததும் மொத்தமும் கரிப்பலகை ஆகிவிட்டது. நெஞ்சு படபடத்த நேரத்தில் எடுத்த ஒரே சாட்சி அதுதான். அடுத்த படபடப்பு வந்து இன்னொரு தாள் கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று.

நான் டாக்டர் இல்லை. கேத்லேப் டெக்னீஷியன். இதயத்தின் மின்னோட்டத்தை வரைபடமாக்கும் கணினி முன்னால் உட்காருவது என் வேலை. பிறந்த ஊர் குமரி மாவட்டம், பிழைப்பு களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். ஊரிலிருந்து வருகிறவர்கள் துணிப்பை நிறைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைக் கொண்டுவருவார்கள். ஆனால் தேவையான இரண்டு தாள்கள் மட்டும் அதில் இருக்காது. ஒன்று, படபடப்பு நடந்துகொண்டிருந்தபோது எடுத்த ஈ.சி.ஜி. மற்றது, பழைய இதய ஆபரேஷனின் விவரக் குறிப்பு. ஃப்ளட்டர் என்பது இதயத்தின் மேலறைகள் மிக வேகமாக, ஒரே சீராகத் துடிக்கும் கோளாறு; அப்லேஷன் என்பது அதற்குக் காரணமான இடத்தை உள்ளிருந்து சுட்டு அடைப்பது. சிக்கலான ஃப்ளட்டரில் பாதிச் சிக்கல் இந்த இரண்டு தாளும் இல்லாததால் வருவது. மாத்திரை, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்கிறபடிதான். அவரிடம் என்ன கேட்க வேண்டும், எதைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

உள்ளே என்ன நடக்கிறது

நாஞ்சில் நாட்டு வயல்காரருக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். கால்வாயில் திறந்துவிட்ட தண்ணீர் மடை மடையாகப் பாய்ந்து கடைசி வயலில் போய் நிற்க வேண்டும். இதயத்தின் மேலறைகளில் மின்னோட்டமும் அப்படித்தான்: ஒரு துடிப்புக்கு ஒரு தடவை பாய்ந்து அடங்கிவிடும். ஃப்ளட்டரில் அது அடங்குவதில்லை. ஏதோ ஒரு திட்டைச் சுற்றிவந்து, புறப்பட்ட மடைக்கே திரும்பிப் பாய்கிறது. அதற்குள் அந்த இடத்துத் தசை அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடுகிறது. நிமிடத்துக்கு 250 முதல் 350 சுற்று.

வழக்கமான ஃப்ளட்டரில் அந்தத் திட்டு வலது மேலறையின் ட்ரைகஸ்பிட் வால்வு வளையம். வால்வுக்கும் கீழிருந்து வரும் பெருஞ்சிரைக்கும் நடுவே பெரும்பாலும் 2 முதல் 4 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு குறுகலான தசைப்பாலம் உண்டு. ‘இஸ்த்மஸ்’ என்பார்கள். சுற்று எப்போதும் அந்தக் குறுக்கு வழியாகவே போயாக வேண்டும் என்பதால் அங்கே மடையை அடைத்தால் போதும்.

சிக்கலான ஃப்ளட்டரில் திட்டு என்பது தழும்பு. சிறுவயதில் இதய ஓட்டையை அடைத்த தையல், வால்வு மாற்றியபோது மேலறையைக் கீறிய இடம், முன்பு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) சூடு வைத்த கோடு, வாதக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி வீங்கிப்போன இடது மேலறை, இவை எல்லாம் தழும்பைத் தரும். ஆபரேஷனே ஆகாதவருக்கும் தானாகத் தழும்பு விழுவதுண்டு. ஒரே ஆளிடம் இரண்டு சுற்றுகள் ஒன்றோடொன்று பின்னி ஓடவும் செய்யும்.

முதல் படி: நாடியைப் பிடித்துப் பாருங்கள்

மேலறை 300 தடவை துடித்தாலும் எல்லாம் கீழறைக்கு இறங்காது. நடுவில் இருக்கும் ஏ.வி. கணு பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்றைத்தான் விடும். அதனால் நாடி 150-ஐ ஒட்டி நிற்கும். தழும்பிலோ மாத்திரையிலோ சுற்று மெதுவானவர்களுக்கு 110, 125 என்றும் வரும். எண்ணைவிட அது அசையாமல் நிற்பதைத்தான் கவனிக்க வேண்டும். பயத்தாலோ காய்ச்சலாலோ நாடி ஏறினால் படுத்ததும் இறங்கும், படியேறினால் ஏறும். ஃப்ளட்டர் நாடி உட்கார்ந்தாலும் நடந்தாலும் 125 என்றால் 125-லேயே நிற்கும். கணு விடுகிற கணக்கு மாறும்போதுதான் சட்டென்று தாவும். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் இன்னும் பல வீட்டு அலமாரியில் கிடக்கிறது. விரலில் மாட்டிப் பத்து நிமிடம் எண்ணைக் கவனித்து எழுதி வையுங்கள்.

சித்தி சொன்னது, “மக்களே, நெஞ்சுக்குள்ள சாளை மீன் கெடந்து துடிக்குத மாதிரி இருக்கு.” அண்டியாபீஸில் (முந்திரி ஆலை) பகல் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர். ‘கேஸ்’ என்றும் ‘டென்ஷன்’ என்றும் இரண்டு வருடம் மாத்திரை தின்றார். நெஞ்சின் நடுவே நெட்டுக்கு ஓடும் தழும்பைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை, அவராகச் சொல்லவுமில்லை. ‘அது பழைய கதைதானே’ என்று விட்டுவிட்டார்.

சிலருக்குப் படபடப்பே தெரியாது. இளைப்பு, கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டல் என்று வருவார்கள். மாதக்கணக்கில் வேகமாக அடித்து அடித்து இதயத்தின் பம்ப் பலமே குறைந்திருக்கும். துடிப்பைச் சரிசெய்தால் இந்தப் பலவீனம் பெருமளவு திரும்பிவரும் என்பதால் இவர்களைக் கண்டுபிடிப்பது முக்கியம்.

இரண்டாம் படி: படபடப்பு நடக்கும்போதே ஈ.சி.ஜி.

அடங்கிய பிறகு எடுக்கும் ஈ.சி.ஜி.யில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அதனால் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ், எதுவானாலும் சரி. பன்னிரண்டு லீடும் (ஒவ்வொன்றும் ஒரு கோணத்துப் பதிவு) உள்ள முழு ஈ.சி.ஜி. கேளுங்கள். கையில் வந்த உடனே வெளிச்சத்தில் வைத்து செல்ஃபோனில் படம் எடுங்கள். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். லேமினேஷன் வேண்டாம், பைக் பெட்டிக்குள் வெயிலில் போட்டு வைப்பதும் வேண்டாம்.

வழக்கமான ஃப்ளட்டர், பனைமட்டைக் கருக்கு மாதிரி தெரியும். இரண்டாவது, மூன்றாவது, ஏ.வி.எஃப். லீடுகளில் கீழ்நோக்கி வரிசையாகப் பல், இடையில் தட்டையே இல்லாமல். வி1 லீடில் மேல்நோக்கி. சிக்கலான ஃப்ளட்டரில் இந்தக் கருக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சின்னச் சின்ன அலை, நடுவே தட்டைக் கோடு என்று வேறு நோய் மாதிரி ஏமாற்றும். கருக்கு அச்சாகத் தெரிந்தும் சுற்று வேறு இடத்தில் ஓடுவதை ஆபரேஷன் ஆனவர்களிடம் பார்த்திருக்கிறேன். எனவே ஈ.சி.ஜி. ‘ஃப்ளட்டர்’ என்று சொல்லும். ‘எந்த மடை’ என்று உறுதியாகச் சொல்லாது.

இரண்டுக்கு ஒன்று விடும்போது பாதி அலைகள் பெரிய துடிப்புக்குள் மறைந்துகொள்ளும். அப்போது டாக்டர் அடினோசின் ஊசி போடுவார். சில நொடிகள் கணு அடைபட்டுக் கீழறை நிற்க, மேலறை அலைகள் மட்டும் அம்மணமாகத் தாளில் ஓடும். நெஞ்சை யாரோ அமுக்குவது போல மோசமான சில நொடிகள் அவை, பயப்பட வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி போடும்போது தாள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஃப்ளட்டர் இதில் பொதுவாக நிற்காது. நிறுத்துவதற்காகப் போடுவதும் அல்ல. அந்தச் சில நொடித் தாளைத்தான் நாங்கள் தேடுவோம்.

மூன்றாம் படி: அந்த நேரத்துச் சிகிச்சை

ரத்த அழுத்தம் விழுந்தால், மயங்கினால், நெஞ்சுவலியோ கடும் மூச்சுத்திணறலோ வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து ஷாக் வைப்பார்கள். ஃப்ளட்டர் ஷாக்குக்கு எளிதில் பணியும். மற்றவர்களுக்கு வேகம் குறைக்கும் மருந்து. ஒரு எச்சரிக்கை: ஃபிளெக்கனைடு போன்ற மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் மேலறைச் சுற்று 200 அளவுக்கு மெதுவாகி, கணு ஒவ்வொரு அடியையும் கீழே விட்டுவிடக்கூடும். நாடி 200-க்குத் தாவும். கணுவை அடக்கும் இன்னொரு மருந்தோடுதான் அதைக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் படபடப்பு மாத்திரையைக் கடன் வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு என்பதால் சொல்கிறேன்.

நான்காம் படி: ரத்தம் உறையாமல் காப்பது

மேலறை சரியாகச் சுருங்காதபோது உள்ளே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வயது, பிரஷர், சுகர், இதயப் பலவீனம், முன்பு வந்த பக்கவாதம், ரத்தக்குழாய் நோய் ஆகியவற்றைக் கூட்டி டாக்டர் மதிப்பெண் போடுவார். பழைய பக்கவாதத்துக்கும் 75 வயதுக்கும் இரண்டிரண்டு மதிப்பெண். வாதக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவருக்கும் உலோக வால்வு வைத்தவருக்கும் இந்தக் கணக்கே வேண்டாம்; மருந்து கட்டாயம். அதுவும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் வகைதான். வாதக்காய்ச்சலால் வரும் (ருமாட்டிக்) வால்வு நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களிடம் நடத்தி 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், புதிய மாத்திரையான ரிவராக்சபானைவிடப் பழைய வகைதான் நல்ல பலன் தந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில் உருவான டி.டி.கே. சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அதை நெஞ்சில் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான்.

வார்ஃபரின் என்றால் ஐ.என்.ஆர். பரிசோதனை (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது) தவறக்கூடாது. முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்தச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதையே வாரா வாரம் சாப்பிடுங்கள், அதற்கேற்ப மருந்தின் அளவை டாக்டர் சரிசெய்துகொள்வார். ஒரு மாதம் விட்டு மறுமாதம் கட்டுக் கட்டாகத் தின்பதுதான் கெடுதல். தூத்தூர் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் ஐ.என்.ஆர். பார்த்து, நாள் எண்ணி மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். படகில் காயம் பட்டால் ரத்தம் நிற்க நேரமாகும் என்று கூட வருகிறவருக்கும் சொல்லி வையுங்கள்.

ஐந்தாம் படி: தழும்பின் ஜாதகம்

எக்கோ, தைராய்டு, பொட்டாசியம், கிரியாட்டினின் எல்லாம் பார்ப்பார்கள். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்பார்கள். உள்ளே கட்டி இல்லை என்று உறுதி செய்யத் தொண்டை வழியே விடும் எக்கோ செய்வதுண்டு.

பழைய ஆபரேஷன் குறிப்பை மட்டும் நீங்கள்தான் தேட வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, எந்த வருடம், ஓ.பி. எண் என்ன? டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவில் எழுதிக் கேளுங்கள். சித்திக்கு 32 வயதில் ஓட்டை அடைத்தார்கள்; இப்போது 58. பெட்டிக்கடியில் கிடந்த மஞ்சளடித்த ஓ.பி. சீட்டை வைத்துக் கேட்டோம். இரண்டு வாரத்தில் ஒரு பக்க நகல் வந்தது. வலது மேலறையை எங்கே கீறினார்கள், ஓட்டையைத் தைத்தார்களா, ஒட்டுப் போட்டார்களா என்று அதில் இருந்தது. இடது மேலறைக்குள் போக வேண்டி வந்தால் தடுப்புச் சுவரைத் துளைக்க வேண்டும். அங்கே ஒட்டு இருந்தால் வேலையே வேறு.

ஆறாம் படி: எங்கே போவது

வழக்கமான ஃப்ளட்டரில் அப்லேஷன் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பலிக்கும். வருடக்கணக்கில் மாத்திரை தின்பதைவிட இதை முதலிலேயே யோசிப்பது தப்பில்லை. சிக்கலானதில் பலன் இதைவிடக் குறைவு, இரண்டாம் தடவை தேவைப்படலாம். இதை முன்கூட்டியே சொல்லும் டாக்டரை நம்புங்கள். முப்பரிமாண மேப்பிங் கருவி இருக்கிறதா, ஆபரேஷன் ஆனவர்களுக்கு இதை வழக்கமாகச் செய்கிறீர்களா, நெஞ்சைத் திறக்க வேண்டி வந்தால் சர்ஜன் அதே கட்டடத்தில் இருக்கிறாரா என்ற மூன்று கேள்விகளையும் கூச்சமில்லாமல் கேளுங்கள். மேற்கே திருவனந்தபுரம், வடக்கே மதுரை என்று நாகர்கோவில்காரருக்குப் போக இடமுண்டு. ஆனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்கும் செல்லும் என்று நினைத்து ரயிலேறாதீர்கள். அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் சிகிச்சையின் பெயரைச் சொல்லி, மேப்பிங் செலவும் சேருமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஏழாம் படி: மேசையில்

தொடை மடிப்பில் உள்ள சிரை வழியாக மெல்லிய கம்பிக்குழாய்களை மேலே அனுப்புவார்கள். நெஞ்சைத் திறப்பதில்லை. சிக்கலான வேலைக்குப் பல மணி நேரம் ஆகும்.

என் வேலை இங்கேதான். பல முனைகள் கொண்ட குழாயை டாக்டர் மேலறைச் சுவரெங்கும் தடவிவர, ஆயிரக்கணக்கான இடங்களில் மின்னோட்டம் வந்துசேரும் நேரத்தைக் கணினி குறித்துக்கொள்ளும். முதலில் வரும் இடம் சிவப்பு, கடைசியில் வரும் இடம் ஊதா. சுற்று ஓடுகிறது என்றால் ஊதா முடியும் இடத்தில் சிவப்பு தொடங்க வேண்டும், நாய் தன் வாலைக் கவ்வுவது போல. மின்னழுத்தம் இல்லாத தழும்பு சாம்பல் நிறம். வண்ணம் அழகாக வந்துவிட்டதாலேயே அதை நம்பிவிடக்கூடாது. கணினிக்கு நேர எல்லையைத் தப்பாகக் கொடுத்தால் எந்தப் படத்தையும் சுற்று மாதிரி காட்டும். அதனால் இன்னொரு சோதனை உண்டு. சந்தேகப்படும் இடத்திலிருந்து சுற்றைவிடக் கொஞ்சம் வேகமாகத் துடிப்பு கொடுத்து நிறுத்துவோம். அந்த இடம் சுற்றில் இருந்தால், கடைசித் துடிப்பு ஒரு சுற்று ஓடி அதே நேரத்தில் திரும்பிவரும். வெளியே இருந்தால் போய்வரும் தூரமும் சேர்ந்து தாமதமாகும். வித்தியாசம் 20, 30 மில்லி செகண்டுக்குள் இருந்தால் மடை அங்கேதான்.

சித்தியின் சுற்று 240 மில்லி செகண்ட். இஸ்த்மஸில் சோதித்தபோது 252-ல் திரும்பியது. பழைய கீறலுக்குப் பக்கத்தில் வலது சுவரில் 258. இடது பக்கம் 340. அதாவது இஸ்த்மஸும் சுவரும் சுற்றுக்குள், இடது பக்கம் வெளியே. எட்டு எழுதியது போல வால்வைச் சுற்றி ஒன்று, கீறலைச் சுற்றி ஒன்று.

டாக்டர் முதலில் இஸ்த்மஸில் கோடு போட்டார். குழாய் முனையில் ரேடியோ அலை தசையைச் சுடும். 50 டிகிரிக்கு மேல் போன தசை மறுபடி மின்னோட்டத்தைக் கடத்தாது. முனை கருகாமல் உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கோடு முடிந்தது, ஃப்ளட்டர் நிற்கவில்லை. ஆனால் 240 என்றிருந்தது 285 ஆயிற்று. அறைக்குள் யாரும் பேசவில்லை. கோடு தோற்றது என்று அர்த்தமில்லை; ஒரு வளையம் அறுந்து மற்றது தனியாக ஓடுகிறது. இதைக் கவனிக்காமல் பழைய இடத்திலேயே சுட்டுக்கொண்டிருந்தால் பொழுது போகும், சுற்று போகாது. மறுபடி சோதித்தோம். இஸ்த்மஸ் இப்போது வெளியே, கீறல் ஓரம் உள்ளே.

கீறலின் கீழ்முனையிலிருந்து பெருஞ்சிரை வரை ஒரு கோடு வேண்டும். உதரவிதானத்தை இயக்கும் நரம்பு அந்தச் சுவருக்கு வெளியே ஒட்டியபடி ஓடும். சுடுவதற்கு முன் ஒவ்வொரு இடத்திலும் பலமான துடிப்பு கொடுத்தோம். ஒரு இடத்தில் சித்தியின் வயிறு விக்கல் வந்தது போலத் துள்ளியது. அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போனார் டாக்டர். ஏழாவது சூட்டில் திரையில் கோடு ஒரு நொடி தட்டையானது. பிறகு நிதானமாக, 72.

நின்றதும் கிளம்பிவிடக்கூடாது. நண்டு வளை ஒன்று இருந்தால் வரப்பு கசியும், இல்லையா? கோட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் துடிப்பு கொடுத்து, மின்னோட்டம் கோட்டைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு வருகிறதா என்று பார்த்து, 20-30 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். சித்திக்கு இருபத்திரண்டாவது நிமிடத்தில் இஸ்த்மஸின் பெருஞ்சிரை ஓரத்தில் கசிந்தது. இரண்டு சூடு கூடுதலாக வைத்து அடைத்தோம்.

இடது மேலறை என்றால் துளைப்பு, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி, உணவுக்குழாயின் வெப்பக் கண்காணிப்பு எல்லாம் சேரும். இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டுவது அரிது, ஆனால் நடக்கும். உடனே ஊசி வைத்து வடிக்க வேண்டும். கணு அடைபட்டால் பேஸ்மேக்கர் தேவைப்படலாம். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்கை. ஒரு வாரம் கனமான குடம் தூக்குவது, பைக் மிதிப்பது, ரப்பர் வெட்டப் போவது வேண்டாம். தொடை மடிப்பில் வீக்கம் பெருத்தாலோ ரத்தம் வந்தாலோ அமுக்கிப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை, துடிப்பு சரியாகிவிட்டதே என்று நிறுத்தக்கூடாது. குறைந்தது 4 வாரம், இடது பக்கம் சுட்டிருந்தால் 2 முதல் 3 மாதம், பிறகு மதிப்பெண்ணைப் பொறுத்து. கணிசமானவர்களுக்குப் பின்னாளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும். எனவே மறுபடி படபடத்தால் மறுபடி அதே முதல் படி: நாடி, ஈ.சி.ஜி., ஃபோட்டோ.

இடது மேலறையில் சூடு வைத்தவர்களுக்கு ஒன்று. 1 முதல் 8 வாரத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கைகால் இழுப்பு வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று உள்ளூரில் ஊசி போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். மிக அரிது, ஆனால் உயிரைக் கொல்வது. அப்லேஷன் செய்த இடத்துக்கு உடனே ஃபோன் செய்து, நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுங்கள். அதற்கு முன் எண்டோஸ்கோபி செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் ஊதும் காற்று இதயத்துக்குள் போய்விடும்.

சித்தி மூன்றாம் வாரம் அண்டியாபீஸுக்குத் திரும்பிவிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியோடு மேப் படத்தையும் வண்ணத்தில் எடுத்துக் கொடுத்தேன், எந்தக் கோடு எங்கே போட்டது என்று குறித்து. அடுத்த தடவை யார் மேசையில் ஏற்றினாலும் அவருக்கு அது வேண்டும். தம்பி அதைக் கையில் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். லேசர் பிரிண்ட்தான், இதை லேமினேட் செய்யலாம் என்று சொன்னேன்.